அறிவிப்பாளர் இல்லாத அறிவிப்புகள்

நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வருகையில், பள்ளிவாசல் வாயிலில் ஒருவர் மஞ்சள் நிறத் துண்டறிக்கையொன்றை எல்லார் கையிலும் திணித்துக்கொண்டிருந்தார். மதீனாவில் நபிபெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியில் பணிபுரியும் ஷெய்கு அஹ்மது என்பவர் கண்ட கனவு அதில் அச்சாகியிருந்தது. சென்ற வாரம் மரித்தவர்களுள் ஈமானோடு மரித்தவர் மிகச் சிலரே, மறுமை நெருங்கிவிட்டது, இதைப் படிப்பவர் பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுத்தால் கடன் தீரும், வறுமை நீங்கும், பொய்யென்று எறிந்தவர் மகனை இழந்தார் என்ற பாங்கில் சென்றது அவ்வறிக்கை. அதைப் படித்து அஞ்சிய நாம் அன்றிரவு அரிக்கேன் விளக்கின் முன்னமர்ந்து பத்துப் பிரதிகள் எழுதினோம். பதினோராவதை எழுதும்போது உஸ்தாத் வந்துவிட்டார்.

அவர் சினக்கவில்லை. தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதை யாரிடமிருந்து பெற்றாய்?" என்று மட்டும் கேட்டார். பள்ளிவாசல் வாயிலில் நின்றவரிடமிருந்து என்றோம். அவருக்கு யார் கொடுத்தார்? தெரியாது. ஷெய்கு அஹ்மது எந்த ஊரினர், யாரிடம் ஓதியவர், எந்த ஆண்டில் இருந்தவர்? அதுவும் தெரியாது. "நான் உன் வயதில் இருந்தபோதும் இந்த ஷெய்கு அஹ்மது சென்ற வாரம்தான் கனவு கண்டிருந்தார்" என்று சொல்லி, தாளை மடித்து நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

இக்கனவின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தபோது உஸ்தாத் சொன்னதைக் காட்டிலும் அது முதியது என்று கண்டோம். டச்சு நாட்டு அரபியறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, கிழக்கிந்தியத் தீவுகளில் பரவிய இதன் பிரதியொன்றை ஆராய்ந்து 1884-இலேயே எழுதியிருக்கிறார். எகிப்தில் 'அல்மனார்' இதழை நடத்திய ரஷீத் ரிளா, தாம் எழுதப் பழகிய சிறுபருவத்திலேயே இதைக் கண்டதாகக் குறிப்பிட்டிருக்கிறார். 1999-இல் மறைந்த சஊதி அறிஞர் இப்னு பாஸ், இது புனைவு என்று தனி மறுப்பே எழுதி வெளியிட்டார். இவ்வளவுக்குப் பின்னும் ஷெய்கு அஹ்மது ஓய்வு பெறவில்லை. சென்ற மாதம் நம் தெரு ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில், பச்சைக் குவிமாடப் படத்தின் கீழே, அதே கனவு வந்து விழுந்தது. அனுப்பியவர் நம்மிடமே ஏழாண்டு ஓதிய மாணவர்.

சமூக வலைத்தளங்களால் சமுதாயத்துக்கு நன்மையா தீமையா என்று வினவுவோர்க்கு இக்கனவிலிருந்தே விடை சொல்லத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே வாசகம் கையெழுத்துப் பிரதியாகவும், அச்சுத் துண்டறிக்கையாகவும், கைப்பேசிச் செய்தியாகவும் நூறாண்டுக்கு மேலாக உலாவியிருக்கிறது. வாசகம் ஏறத்தாழ மாறவில்லை. எனவே ஊடகத்தினால் நேர்ந்த மாற்றம் யாது என்பதைத் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

கையால் எழுதிய காலத்தில் பத்துப் பிரதிக்கு ஓர் இரவு சென்றது. அந்த இரவின் நடுவே ஓர் உஸ்தாத் வந்து நிற்க இடமிருந்தது. அச்சின் காலத்தில் பணம் வேண்டியிருந்தது. தாளின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இன்றி எதையும் வெளியிடலாகாதென்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் விதித்திருந்தது. ஆங்கிலேயர் அதைத் தம் நலத்துக்காகவே இயற்றினர். ஆயினும், சொன்னவன் இன்னான் என்று தெரிய வேண்டுமென்ற நெறி அதனால் அச்சுலகில் நிலைத்தது. கைப்பேசியிலோ பிரதியெடுக்கச் செல்வது ஒரு விரலசைவு. இடையில் யாரும் வந்து நிற்க நேரமில்லை, அடியில் பெயருமில்லை.

ஹதீஸ் கலை பயின்றோர் இங்கே திடுக்கிடாமல் இருக்க முடியாது. இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முகவுரையில், மார்க்கத்தை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று பார்த்தெடுக்க வேண்டும் என்ற முன்னோர் எச்சரிக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர் மட்டும் இல்லாவிடில் நினைத்தவன் நினைத்ததைச் சொல்லிவிடுவான் என்பது அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் கருத்து. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவனைப் பொய்யன் ஆக்கப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியும் அம்முகவுரையில்தான் இருக்கிறது. அவன் பொய் புனைந்தான் என்று அங்கே சொல்லப்படவில்லை. வடிகட்டாமல் சொன்னான் என்பதே குற்றம். புனைந்தவனுக்கும் பரப்பியவனுக்கும் இடையே இன்று நாம் தேடிக்கொள்ளும் ஆறுதல் அங்கே கிட்டாது.

வாட்ஸ்அப் நிறுவனத்தார் 2018-இல் கைமாறி வந்த செய்திகளுக்கு ஓர் அம்புக்குறி இட்டனர். பின்னர், ஐந்து கைகளுக்கு மேல் மாறி வந்தவற்றுக்கு இரட்டை அம்புக்குறி இட்டனர். இது இஸ்னாத் போலத் தோன்றினாலும் அதன் நேர்மாறு என்க. இஸ்னாத் ஒவ்வோர் ராவியின் பெயரையும் சொல்லும். அம்புக்குறியோ, இதற்கு முன் பலர் இருந்தனர், அவர் பெயர் உமக்குச் சொல்லப்படாது என்கிறது. நம் மக்கள் அவ்விரட்டை அம்பைக் கண்டு, இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள், பொய்யாக இருக்குமா என்கின்றனர். பலர் சொன்னால் உறுதி என்பது உண்மையே; அதற்கு 'முத்தவாத்திர்' என்று பெயர். ஆனால் பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவுக்குப் பலர், தொடரின் ஒவ்வொரு படியிலும், தொடக்கம் முதலே இருக்க வேண்டுமென்பது அதன் நிபந்தனை. ஆயிரம் பேர் சொல்லி, ஆயிரவரும் ஒரே ஆளிடம் போய் முட்டுவார்களேயானால் அது ஒருவர் சொன்ன செய்திதான். அந்த ஒருவரும் யாரென்று அறியப்படாத 'மஜ்ஹூல்' ஆயின், அதன் தகுதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இது கிதாபுக்குள் மட்டும் நடக்கும் வாதம் அன்று. உயிர் பற்றிய வாதம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூர் என்னும் ஊர் வழியே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து சென்ற குடும்பமொன்று வழி கேட்க நின்றது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி அங்கிருந்த சிறுவருக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற செய்தி ஊர்தோறும் கைப்பேசிகளில் முன்னரே சுற்றியிருந்தது. மிட்டாய் கொடுத்த கை திருட்டுக் கையாகத் தோன்றிவிட, அம்மூதாட்டியை அடித்தே கொன்றனர். அவ்வாண்டில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொலிகளுள் ஒன்று, பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பெற்றோரே கவனமாயிருங்கள் என்று சொல்லும் அதன் இறுதிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்துவிட்டனர். ஹதீஸைச் சுருக்கிச் சொல்லலாமா என்பது பற்றி நம் முன்னோர் ஒரு தனிப் பாடமே வகுத்து, விடுபட்ட பகுதியால் பொருள் மாறுமாயின் ஆகாது என்று முடித்தனர். ஒரு காணொலியின் கடைசிச் சில விநாடிகளை வெட்டினால் என்னவாகும் என்பதற்கு இனி நாம் வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில் நிகழ்ந்ததைத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் மறந்திருக்க மாட்டார்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியைக் கண்ட வாடிக்கையாளர், சிங்களவரை மலடாக்க மாத்திரை கலந்திருப்பதாகக் கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டது. தமிழ் பேசும் அந்த உணவகக்காரருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை; அச்சத்தில் அவர் உளறிய ஓரிரு சொற்கள் ஒப்புதல் வாக்குமூலமாகப் படம் பிடிக்கப்பட்டு ஃபேஸ்புக்கில் ஏறின. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டிதான் என்று அரசுப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் கண்டி மாவட்டத்தின் திகனையில், சாலைத் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்கள ஓட்டுநர் இறந்துபோக (அத்தாக்குதலும் கொடுமையே), இரண்டு நெருப்பும் ஒன்றாகி மார்ச் மாதத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அரசு ஒரு வார காலம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. இரண்டாண்டு கழித்து, 2020 மே மாதத்தில், ஃபேஸ்புக் நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது.

அறிஞர் சித்திலெவ்வை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியதும் இதே கண்டியில்தான். ஓர் இதழ் அச்சாகி ஊர் ஊராகப் போய்ச் சேர நாட்கள் பல ஆன காலம் அது. அதில் வந்தவற்றுக்குச் சித்திலெவ்வை பொறுப்பு. அந்த மெதுவோட்டத்தைக் குறையென்றே நாம் கருதி வந்தோம். அதிலும் ஒரு காவல் இருந்ததென்று அம்பாறைக்குப் பிறகே உணர்ந்தோம்.

தமக்கு வந்த தீங்கை மட்டும் எண்ணிப் புலம்புவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2020-இல் கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில், தில்லி தப்லீக் மர்கஸைக் காரணம் காட்டி நம்மைப் பற்றிப் பரவிய அவதூறுகள் கொஞ்சமல்ல. ஒரு பருக்கையும் வீணாகலாகாதென்று தட்டை வழித்துண்ணும் போஹ்ரா சமூகத்தாரின் பழைய காணொலி, உணவில் எச்சில் தடவுவதாகத் திரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே கூறியது. சரிதான். ஆனால் மறு ஆண்டு, கருஞ்சீரகமும் தேனும் இருக்கத் தடுப்பூசி எதற்கு என்ற செய்தி எந்தக் குழுக்களில் சுற்றியது? பெருமானார் (ஸல்) பெயரை அதில் சேர்த்தவர் யார்? நம் தெருக் குழுவில் அதை மறுத்து எழுதிய இளம் மருத்துவர் ஒருவருக்கு, ஈமானில் குறை என்று பட்டம் கிடைத்தது. அன்று நாமும் குழுவில் இருந்தோம். ஒன்றும் எழுதாமல் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கத்தியால் கனியும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், குற்றம் கத்தியினதா என்று மேடைதோறும் கேட்கிறார்கள். இவ்வுவமை நமக்கு உடன்பாடில்லை. கத்தி தானாக ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போவதில்லை; யார் கையில் இருந்தால் அதிகம் வெட்டும் என்று கணக்கும் பார்ப்பதில்லை. ஃபேஸ்புக் பார்த்தது. 2017 முதல் சில காலம், கோபம் முதலிய முகக்குறிகளுக்கு வெறும் விருப்பக் குறியைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்து, எந்தப் பதிவை முன்னே காட்டுவதென்று அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் தீர்மானித்தன. அதன் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் 2021-இல் வெளிப்படுத்திய உள்ளாவணங்களால் உலகம் இதை அறிந்தது. ஒருவரைச் சினக்க வைத்த செய்தி ஓராயிரம் பேர் முன் விரிக்கப்படும் சந்தையில், அமைதியாகச் சொல்லப்பட்ட உண்மைக்கு எங்கே இடம் கிடைக்கும்?

எனினும் கைப்பேசியைப் பறித்துப் பெட்டியில் பூட்டுவதே பரிகாரம் என்போரோடும், அதிலும் பெண்மக்களிடமிருந்து மட்டும் பறிப்போரோடும், நாம் சேர மாட்டோம். 2021-லும் 2022 தொடக்கத்திலும் முஸ்லிம் பெண்களின் படங்களை வலைத்தளப் பக்கங்களிலிருந்து எடுத்து ஏலப் பொருள்போல் காட்டி இழிவு செய்த கயமை நடந்தபோது, படம் ஏன் போட்டாள் என்றுதான் நம்மவர் பலர் கேட்டனர். திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரை விசாரிக்கும் நீதி இது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது இறங்கிய சூரத்துந் நூரின் வசனங்கள், அறிவில்லாத ஒன்றை நாவுக்கு நாவு வாங்கிப் பரப்பியவர்களையே கடிந்தன. ஓதியவர்கள் இதை எடுத்துச் சொல்லாமல் இருப்பது ஏனோ?

இனி நன்மை. இதைச் சொல்ல நம் இளமையிலிருந்து தொடங்க வேண்டும். சபர் போன ஆண்களின் ஊர் நம் ஊர். கடிதம் வந்தால், எழுத்தறியாத பெண்கள் அதை எடுத்துக்கொண்டு ஓதும் பிள்ளையைத் தேடி வருவார்கள். அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் அரபெழுத்து ஓதிய நமக்கு எளிது. பத்து வயதுப் பையனாகிய நாம் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்போம்; பெத்தும்மாமார்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். மூன்றாம் ஆள் படித்துக் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்த கணவன் என்ன எழுதுவான்? ஸலாம் சொல்வான், பணம் அனுப்பியதைச் சொல்வான், பிள்ளைகளை ஓத அனுப்பு என்பான். கடிதம் முடிந்ததும் அந்தப் பெண்கள், "அவ்வளவுதானா தம்பி?" என்று கேட்பதுண்டு. அவ்வளவுதான் என்போம். அந்த வினாவின் பொருள் நமக்கு மணமான பிறகே விளங்கிற்று. பிறகு டேப் கேசட்டில் பேசி அனுப்பும் காலம் வந்தது. அதையும் கேட்க, டேப் ரிக்கார்டர் உள்ள வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அதே தெருவில், எழுத்தே அறியாத மூதாட்டி தன் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். இளம் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தன் கணவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறாள். இதை அளக்கப் படி கிடையாது. வலைத்தளங்களின் தீமையைப் பட்டியலிடும் நம் சொற்பொழிவாளர்கள், பெரும்பாலும் அந்தத் திண்ணையில் கடிதம் படித்தவர்கள் அல்லர்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார், எங்கே உணவு இருக்கிறது என்று வலைத்தளங்களில் செய்தி பார்த்துப் படகும் பொதியும் போயின. தங்குவதற்குப் பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டன. நம் வீட்டில் இருந்த கல்லச்சு முனாஜாத்து நூலொன்றின் கடைசி ஏடுகளைச் செல் அரித்துவிட்டது. இருபதாண்டு தேடியும் வேறு பிரதி கிடைக்கவில்லை. ஒரு குழுவில் அதைப் பற்றி எழுதினோம். இஷாவுக்குப் பின் எழுதியது. ஃபஜ்ருக்கு முன் இலங்கையிலிருந்து முகமறியாத அன்பர் ஒருவர் அந்த நான்கு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

ஷெய்கு அஹ்மதின் கனவை அனுப்பிய நம் மாணவரிடம் திரும்புவோம். அவரை வீட்டுக்கு அழைத்து, நம் உஸ்தாத் கேட்டதையே கேட்டோம். தம்மாமில் இருக்கும் மச்சானிடமிருந்து வந்தது என்றார். மச்சானைக் கேட்டார், அவருக்கு உடன் வேலை பார்ப்பவர். அவருக்கு வேறொரு குழு. அதில் அனுப்பியவரின் எண் மட்டுமே இருந்தது, பெயரில்லை. நான்காம் படியில் தொடர் அறுந்தது. மாணவர் வெட்கப்பட்டு, செய்தியைக் குழுவிலிருந்து நீக்கினார். அவருக்கு மனம் தெளிய வேண்டுமென்று, வகுப்பில் நாம் வழக்கமாகச் சொல்லும் பக்தாது நகரக் கதையை மீண்டும் சொன்னோம்.

ருஸாஃபாப் பள்ளியில் இமாம் அஹ்மது இப்னு ஹன்பலும் (ரஹ்) யஹ்யா இப்னு மயீனும் (ரஹ்) தொழுதுவிட்டு அமர்ந்திருந்தனராம். கதை சொல்பவன் ஒருவன் எழுந்து, அவ்விருவர் பெயரையே சொல்லி, அவர்கள் அறிவித்ததாக நீண்டதொரு பொய் ஹதீஸை அவிழ்த்துவிட்டானாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவனை அழைத்து, நாங்களே அவ்விருவர், இதை நாங்கள் அறிவிக்கவில்லையே என்றபோது, உலகத்தில் நீங்கள் இருவர்தாம் அஹ்மதும் யஹ்யாவுமா, நான் பதினேழு அஹ்மது இப்னு ஹன்பல்களிடம் எழுதியிருக்கிறேன் என்று அவன் ஏளனம் செய்தானாம். வகுப்பில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் கதை இது. பொய்க் கதை சொல்வோரைக் கண்டித்து எழுதிய இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) போன்றோரின் நூல்களிலும் உள்ளது.

மாணவரும் சிரித்தார். மறுநாள் காலையில் வந்து, "ஹஜ்ரத், தவறாக எண்ணக் கூடாது" என்று தொடங்கினார். கைப்பேசியில் இருந்த அரபு நூலகத்தில் அக்கதையைத் தேடினாராம். ஐந்து நிமிடம் ஆயிற்றாம். ஹிஜ்ரி 748-இல் மறைந்த இமாம் தஹபீ (ரஹ்), 'மீஸானுல் இஃதிதால்' நூலில், இக்கதையை அறிவிக்கும் இப்ராஹீம் அல்பக்ரீ என்பவரை யாரென்றே தாம் அறியவில்லை என்றும், இதை அவரே புனைந்திருப்பாரோ என அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறார் என்று படித்துக் காட்டினார்.

நம் அலமாரியிலேயே 'மீஸான்' இருக்கிறது. எடுத்துப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. முப்பதாண்டுகளாக, பொய் அறிவிப்புகளைப் பற்றி எச்சரிப்பதற்காகவே, அக்கதையை வகுப்பு வகுப்பாகச் சொல்லி வந்திருக்கிறோம். அதைக் கேட்டுச் சென்றவர்களுள் சிலரின் கைப்பேசி எண்கள் நம்மிடம் உள்ளன. அவர்களுக்கு அன்றே எழுதினோம். மற்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், யார் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.